ஞாயிற்றுக்கிழமைச் சொற்கள்

மன்னார்ப் பக்கம் முருங்கனில் நான் ஆங்கிலம் படிப்பித்த அறைக்குப் பக்கத்து அறையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை இறக்கும் நாட்களில் தூசி அரைச்சுவருக்கு மேலால் ஏறி வந்து கரும்பலகையில் படிந்துவிடும். வகுப்பு தொடங்குமுன் ஒரு தரம் துடைப்பேன், நடுவில் ஒரு தரம், தும்மல் வந்தால் இன்னொரு தரம். வந்தவர்கள் பதினொரு பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள். அரசாங்கக் கந்தோர் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள். கிழமையில் மூன்று நாள், பின்னேர பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும்.

ஒரு நாள் பலகையில் ஒரு வரிசை எழுதினேன். வாட்டர், சால்ட், நெட், ஹேண்ட், புக், பெயின்ட், ஃபென்ஸ். இந்தச் சொற்கள் பெயராகவும் நிற்கும், எழும்பி வேலையும் செய்யும் என்றேன். சால்ட் என்றால் உப்பு. மீனுக்கு உப்புப் போடுவதும் அதே சால்ட்தான். நாங்களோ எந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்தாலும் அதன் வாலில் ஒரு 'பண்ணு'வைக் கட்டிவிடுகிறோம். கால் நல்லாக இருக்கிற ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரி. இறக்கி விடுங்கள், அவை தாங்களே நடக்கும் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் கொஞ்சம் மெச்சல் வந்தது.

கடைசி வாங்குப்பலகையில் இருந்த அக்கா மெச்சலை நீடிக்க விடவில்லை.

"தமிழிலயும் கிடக்குத்தானே, ரீச்சர்," என்றார். "பூட்டு, வெட்டு, கட்டு."

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது, ஆனால் சந்தோசமாகவும் இருந்தது. அவர் வங்காலைக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். கணவர் கடலுக்குப் போவார், இவர் மீன் வெட்டிக் காயவைப்பார். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். பேத்திக்கு நான்கு வயது, தமிழ் ஒரு சொல் வராது. அந்தக் குழந்தை தொலைபேசியில் ஏதேதோ கேட்க, இவர் எல்லாவற்றுக்கும் 'யெஸ், யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் குழந்தை எதையோ கேட்டு, இவர் யெஸ் சொல்லி, அது அழுதுகொண்டு போனை வைத்துவிட்டது. என்ன கேட்டது என்று அறியத்தான் வகுப்புக்கு வந்தார்.

மாதம் ஒரு தரம் பத்திரிகைத் தாளில் சுற்றிய கருவாடு எனக்குக் கொண்டுவருவார். "சால்ட் போட்டது, ரீச்சர். இல்லை, சால்ட்டினது," என்று திருத்திக்கொண்டு நீட்டுவார். அந்த வருஷத்தில் என்னை நினைத்து யாரும் கட்டிக் கொண்டுவந்தது அந்த ஒரு பொதிதான்.

நான் ஏழு வயதில் இரவோடிரவாக வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவள். இருபத்தொன்பது வயதில் பகல் வெளிச்சத்தில் விமானத்தில் திரும்பி வந்தவள். நடுவிலிருந்த இருபத்திரண்டு வருஷமும் மதுரைக்குத் தெற்கே ஓர் அகதி முகாமில் கழிந்தது. அப்பா அங்கேயே இறந்தார். நான் அங்கேயே படித்து, ஆங்கிலத்தில் ஒரு பட்டமும் எடுத்தேன். அங்கே எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே இறங்கிய முதல் நாளே நான் 'இந்தியாவால வந்த பிள்ளை' ஆகிவிட்டேன். வகுப்பில் நான் வாட்டர் என்றால் இவர்கள் வோட்டர் என்பார்கள், நான் ஹாஸ்பிட்டல் என்றால் இவர்கள் ஹொஸ்பிற்றல் என்பார்கள். ஆங்கிலத்திலும் எனக்கு ஊர் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நறுவிலிக்குளத்தில் அப்பாவின் காணி இருந்தது. இருந்தது என்றால், எல்லைக் கல் இரண்டும் தூர்ந்த கிணறும் இருந்தன. மற்றதெல்லாம் பற்றைக்காடு. இடப்பக்கத்துக் காணிக்காரர் கனடாவில், வலப்பக்கத்துக் காணிக்காரர் இன்னும் இந்தியாவில். முன்னால் வயல். இரண்டு வயல் தாண்டினால்தான் அடுத்த வீட்டு விளக்கு தெரியும். அதுவும் மழை பெய்தால் தெரியாது. நான் ஆளைப் பிடித்துப் பற்றையை வெட்டி, நாலு தடியும் தகரமும் வைத்து ஒரு கொட்டில் போட்டுக்கொண்டேன். வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். குடும்பங்களுக்கு முதலிடம், ஒற்றை ஆட்கள் பிறகு என்றார்கள். கோபிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் மூன்று பிள்ளைகளோடு தறப்பாளுக்குக் கீழே படுத்தவள்.

அம்மா முகாமில்தான் இருந்தார். எங்களுக்குள் பேச்சு அப்படி. நான் முன்னால் வந்து காணியைப் பார்த்து, தலைக்கு மேல் ஒரு கூரை போட்டு, பிறகு அவரைக் கூப்பிடுவது. அதுவரை அம்மா பதிவை வெட்டக்கூடாது. முகாம் பதிவு என்பது அங்கே உயிர் மாதிரி. அதை வெட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் பிறகு திரும்பிப் போக வாசல் கிடையாது. அம்மா வந்து, இங்கே இருக்க முடியாமல் போனால், அவருக்கு இரண்டு கரையிலும் இடமிருக்காது. அதனால் நான் என்ன சொல்கிறேனோ அதை நம்பித்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன்.

முகாமில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை செக்கிங் இருக்கும். காலையிலேயே குளித்து, வெளியே போட நல்லதாக ஒன்றை உடுத்து, அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பதிவுப் புத்தகத்தோடு வருபவர் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். நாங்கள் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பிறகு அவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வார். 'மூன்று பேர். சரி.' அப்பா போன பிறகு, 'இரண்டு பேர். சரி.' கல்யாணமோ காய்ச்சலோ, எல்லாம் செக்கிங் முடிந்த பிறகுதான். அதை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. கல்லூரியில் படிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமைகளில் லீவு போட என்னென்ன காரணம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்த முதல் மாதம், அந்த வெள்ளிக்கிழமை காலை, நான் குளித்து உடுத்துக் கொட்டில் வாசலில் நின்றேன். முட்டாள்தனம் என்று நின்ற பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் உள்ளே போகவில்லை. வெயில் ஏறும்வரை நின்றேன். ஒரு மயில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த மாதம் இந்தப் பைத்தியக்காரத்தனம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன், அடுத்த மாதமும் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவோடு கதைக்கும் நேரம். கொட்டிலில் சிக்னல் வராது, குளக்கட்டில் ஏறினால்தான் வரும். கட்டின்மேல் ஒரு பாலை மரம், அதற்குக் கீழே ஒரு கல். அந்தக் கல்லில் இருந்தால் இரண்டு கோடு, எழும்பி நின்றால் மூன்று கோடு. அதனால் நான் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் கதைத்தேன். அம்மா தொலைபேசியில் இரண்டு கேள்வி மட்டும் கேட்பவர். சாப்பிட்டியோ, உடம்பு எப்படி. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். வைத்துவிடலாம் என்றால் வைக்கவும் மனம் வராது.

அந்த மௌனத்தை நிரப்பத்தான் வகுப்புச் சொற்களை அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். வாரம் ஒரு சொல். அதைப் பெயராக வைத்து ஒரு வசனம், வேலையாக வைத்து ஒரு வசனம் அம்மா சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர், ஆனால் பிடித்துக்கொண்டார். முதல் சொல் வாட்டர். "டேங்க்ல வாட்டர் வரேல்லை. அதால மல்லிகையை வாட்டர் பண்ணேல்லை," என்றார். பண்ணு வேண்டாம் அம்மா, அது தானாகவே செய்யும் என்றேன். அப்ப கூலிக்கு ஆள் பிடிக்கத் தேவையில்லாத சொல் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் வாரம் முழுக்கச் சொல் தேடினேன்.

சிலது அம்மாவே கேட்டு எடுத்தார். ஹேண்ட் பிடித்தது, பெயின்ட் பிடித்தது. என்னிடம் இருந்த பட்டியலில் லை என்ற சொல்லும் இருந்தது. பொய். தமிழில் பொய்யை யாராவது சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். அதை வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. தாண்டிப் போய்விட்டேன்.

ஏனென்றால் அதற்குள் நான் தொடங்கியிருந்தேன். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, அம்மா வழக்கத்துக்கு மாறாக மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் ஆர் இருக்கினம் என்றார். என் கையில் அன்றைக்குச் சமைத்த கருவாட்டு வாசம் இருந்தது. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறா என்றேன். கருவாடு கொண்டுவந்து தாறவ, பின்னேரத்தில் வந்து இருந்து கதைப்பா, இரவுக்கு என்னோடதான் சாப்பாடு. சொல் சொல்லாக வந்துகொண்டே இருந்தது. அம்மா பெரிய மூச்சு ஒன்று விட்டார். அந்த மூச்சு மூன்று கோட்டுச் சிக்னலில் அப்படியே வந்து சேர்ந்தது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்காவுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல், அக்கா சுகம், அக்காவின் பேத்தி ஆங்கிலத்தில் அழுதது. பேத்தி உண்மை, காய்ச்சல் என்னுடையது. மூன்று நாள் கொட்டிலில் தனியாகப் படுத்துக் கிடந்தேன், கொத்தமல்லி அவிக்கவும் எழும்ப முடியவில்லை. அதை அக்காவின் தலையில் கட்டி, நான் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாகச் சொன்னேன். நல்ல பிள்ளை என்று அம்மா மெச்சினார். குளக்கட்டிலிருந்து இறங்கி வரும்போது வயலுக்கு நடுவில் நின்று அழுதேன். பார்க்க யாரும் இல்லாததால் துடைக்கவும் இல்லை.

வீட்டு விசயத்தில் பொய் இப்படித் திடீரென்று வரவில்லை, வசனம் வசனமாக வந்தது. ஃபென்ஸ் என்ற சொல்லைக் கொடுத்தேன். அம்மா, "எங்கட காணிக்கு ஃபென்ஸ் இருக்கோ?" என்று கேட்டார். பயிற்சி வசனம் என்றுதான் நினைத்தேன். ஓம், நாங்கள் வேலியடைத்துவிட்டோம் என்றேன், வேலை வசனத்துக்கு உதாரணமாக. அம்மா அதை உதாரணமாக எடுக்கவில்லை. அடுத்த வாரம் வேலிக்கு என்ன கம்பி என்று கேட்டார். ரூஃப் வந்தது, கூரை போட்டாயிற்று. ஃப்ளோர் வந்தது, நிலம் இழுத்தாயிற்று. பெயின்ட் வந்தபோது அம்மாவே நிறம் சொன்னார், இளநீலம். அப்படியே அடித்தேன். இப்படி ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு கல்லும் வைக்காமல், அம்மாவுக்கு ஒரு வீடு கட்டி முடித்தேன்.

உண்மையில் அந்த நேரம் காணியில் இருந்தது தகரக் கொட்டிலும் அத்திவாரத்துக்கு வெட்டிய ஒரு கிடங்கும்தான். கிடங்கில் மழைத்தண்ணீர் நின்று தவளை குடியிருந்தது.

ஹவுஸ் என்ற சொல்லை நான் கொடுத்திருக்கவே கூடாது. வீடு என்பது பெயர், ஆளை வீட்டில் இருத்துவது வேலை, அதற்கும் ஹவுஸ்தான் என்று விளக்கினேன். அம்மா அன்றைக்கு வசனம் சொல்லவில்லை. வேலை என்று வந்தால் ஆள் வேண்டுமே, ஆரை இருத்துவாய் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று சிரித்துவிட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் வணக்கம் சொல்லுமுன் அம்மா சொன்னார். "பிள்ளை, பதிவை வெட்டக் குடுத்திட்டன். டிக்கெட்டும் வரப்போகுது."

நான் கல்லில் இருந்துவிட்டேன். சிக்னல் இரண்டு கோடானது. அம்மா அந்தப் பக்கத்தில் ஹலோ ஹலோ என்றார். கேட்குதம்மா என்றேன். சந்தோசமில்லையோ என்றார். சந்தோசம் என்றேன். அதுவும் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

அடுத்த ஐந்து வாரம் நான் செய்ததை எல்லாம் எழுதினால் சிரிப்பீர்கள். ஒரு மேசனைப் பிடித்து ஐந்து வாரத்தில் ஒரு வீடு கட்ட முடியுமா என்று கேட்டேன். கோழிக்கூடு என்றால் கட்டலாம், தங்கச்சி என்றார். கொட்டிலுக்குப் பழைய தகரம் வாங்கி ஒரு பக்கம் நீட்டினேன். மலசலகூடத்துக்குக் கதவு போட்டேன். வேலிக்குத் தடி நட்டேன். பதினேழு தடியோடு காசும் கையும் முடிந்துபோனது. இளநீலத்தில் ஒரு சின்னப் பேணி பெயின்ட் வாங்கி, தகரத்தின் முன்பக்கம் மட்டும் அடித்தேன். திருக்கேதீஸ்வரத்துக்குப் போய், விமானம் பிந்த வேண்டும் என்று கும்பிட்டேன். பெற்ற தாய் வரும் விமானம் பிந்த வேண்டும் என்று அந்தச் சந்நிதியில் நேர்ந்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

தொலைபேசியில் உண்மையைச் சொல்லவும் பார்த்தேன், இரண்டு தரம். முதல் தரம், அம்மா வீடு நான் சொன்ன மாதிரி இல்லை என்று தொடங்கினேன். அது உனக்கு வழக்கம், எதையும் குறைத்துத்தான் சொல்வாய் என்றார். இரண்டாம் தரம் அவர் தன் சாமான்களை ஆட்களுக்குக் கொடுத்து முடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகைச் சாடியை யாருக்குக் கொடுத்தார் என்றும் சொன்னார். சாடிக்கு நல்ல இடம்தான் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

விமானம் சொன்ன நேரத்துக்கே வந்தது. அம்மா பெரிய பையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஒன்றரை வருஷத்தில் சிறுத்துப் போயிருந்தார். கொழும்பிலிருந்து மன்னார் பஸ்ஸில் ஏழு எட்டு மணி நேரம். யன்னல் பக்கம் இருத்தினேன். மதவாச்சி தாண்டும்வரை தூங்கினார். அதற்குப் பிறகு கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்தார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், பஸ் வெளிக்கிட்டுவிடும். முருங்கனில் இறங்கும்போது, இதுதான் நான் படிப்பிக்கிற இடம் என்று காட்டினேன். காட்டக்கூடிய உண்மை அது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

ஓட்டோ காணிக்கு முன்னால் நின்றது. அம்மா இறங்கிப் பதினேழு தடியையும் பார்த்தார். அத்திவாரக் கிடங்கைப் பார்த்தார். இளநீலத் தகரத்தை நின்று பார்த்தார். நான் ஓட்டோக்காரருக்குக் காசு கொடுக்கும் சாட்டில் திரும்பி நின்றேன். அவர் போன பிறகு திரும்பி நிற்க வேறு சாட்டு இல்லை.

"நல்ல நீலம்," என்றார் அம்மா. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் பாயில் இருந்து பையை அவிழ்த்தார். உடுப்புக்கு நடுவில் பொதிந்து வைத்த ஒரு சேலையை எடுத்தார், பச்சைக் கரை வைத்தது, புதிது, கடைப் பை கூடக் கழற்றவில்லை. விமானத்தில் கொண்டுவர விட்ட நிறை கொஞ்சம்தான். அதற்காகத் தன் அம்மி, உரல், நல்ல சட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், இதைக் கொண்டுவந்திருந்தார்.

"அக்காவைக் கூப்பிடு," என்றார். "என்ர பிள்ளைக்கு இவ்வளவு நாளும் துணையா இருந்தவ. முதல்ல அவவின்ர கையில இதைக் குடுப்பம்."

வீட்டைப் பற்றிய பொய்யெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிட்டது. இந்தப் பொய் மட்டும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வெளியூர் போய்விட்டா என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மனிசர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அளவில்லை. அதற்குள் அம்மா கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. ஒரு பாய், ஒரு தலையணை. அடுப்புக்குப் பக்கத்தில் பலகை, பலகையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அம்மா அந்தப் பலகையில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை.

"இரவுக்கு உன்னோட சாப்பிடுறவ எண்டனீ," என்றார் மெதுவாக. "அவ எதில சாப்பிடுறவ?"

நான் அழத் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை, அக்கா வங்காலையில் இருக்கிறா, வகுப்புக்கு வாறவ, இந்தக் கொட்டிலை ஒரு நாளும் பார்த்ததில்லை. காய்ச்சல் எனக்குத்தான் வந்தது. இருட்டுமுன் நான் கதைக்கிற கடைசி ஆள் பஸ் கொண்டக்டர்தான். வகுப்பில்லாத நாள் அதுவும் இல்லை. சில நாள் என் குரல் இருக்கிறதா என்று பார்க்க, பாடத்து வசனங்களைச் சுவருக்குச் சொல்வேன். சொல்லச் சொல்ல, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லவில்லை என்று தெரிந்தது.

அம்மா சேலையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வீடு ஏன் இல்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை.

"வீடு இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் வராமல் இருந்திருப்பன்," என்றார். "ஆள் இல்லையெண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே வந்திருப்பன். விசரி."

பிறகு எழும்பிப் பையின் அடியில் கையை விட்டு, ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். நான் முகாமில் சாப்பிட்ட தட்டு. கீழே என் பெயரைக் கீறியிருக்கும். நீ கோப்பை வாங்கியிருப்பாய், ஆனாலும் கிடக்கட்டும் என்று கொண்டுவந்தன் என்றார். அன்றைக்கு இரவு நான் அந்தத் தட்டிலும் அம்மா கோப்பையிலும் சாப்பிட்டோம். கருவாடுதான் குழம்பு. சேலையை என்ன செய்வது என்று கேட்டேன். அவவுக்கே குடு, கருவாடு உண்மைதானே என்றார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கெதற்கு என்று கேட்டார் அக்கா. நீங்கள் இவ்வளவு நாளும் என் பக்கத்து வீட்டில் இருந்தீர்கள் என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சேலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஞாயிறு பூசை முடிய வாறன், வீட்டைக் காட்டுங்கோ என்றார்.

ஆனால் சனிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. அம்மா வந்து மூன்றாம் நாள்.

நான் கண் விழித்தபோது பாயில் அம்மா இல்லை. குளித்து, நல்ல சேலை உடுத்து, கொட்டில் வாசலில் நேராக நின்றுகொண்டிருந்தார். எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்கு உடனே விளங்கியது. இங்கே வரமாட்டார்கள் அம்மா என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நானும் வந்த காலத்திலிருந்து இப்படித்தான் நின்றேன் என்றேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. நீ வெளிக்கிட்ட பிறகு ஒவ்வொரு செக்கிங்குக்கும் 'ஒரு ஆள். சரி' என்று எழுதிக்கொண்டு போனார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் அங்கே உன்னை யார் எண்ணுகிறார்கள் என்று நினைப்பேன் என்றார்.

வயலில் பனி இன்னும் விலகவில்லை. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். உள்ளங்கையைப் புத்தகம் மாதிரி விரித்து, அதைப் பார்த்து, அந்த உத்தியோகத்தரின் அதே தடித்த குரலில், அப்பாவின் பெயரோடு சேர்த்து என் முழுப் பெயரையும் கூப்பிட்டார். வகுப்பில் நான் ரீச்சர். கந்தோரில் நான் ஓர் இலக்கம். தொலைபேசியில் நான் பிள்ளை. இந்த மண்ணில் கால் வைத்து ஒன்றரை வருஷத்தில் என் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"இருக்கிறன்," என்றேன்.

அம்மா தன் பெயரையும் தானே கூப்பிட்டு, தானே இருக்கிறன் என்றார். பிறகு உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு பேர்," என்றார். "சரி."